முதலில் கல்லா, குதிரையா?

ஒளிபரப்பின் அரசியல்: வரலாற்றுத் தொடர் – பகுதி 9

1984 ஜூன் 18, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில், ஷெஃபீல்டு நகரை ஒட்டியிருக்கும் ஆர்கிரீவ் என்ற ஊரின் கல்கரி ஆலை முன்பு ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டிருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று மாதம் கடந்துவிட்டது. ஆர்கிரீவிலிருந்து ஸ்கன்தோர்ப் உருக்காலைக்கு லாரி லாரியாகக் கல்கரி போய்க்கொண்டிருந்தது. அதை மறித்துவிட்டால் உருக்காலை திணறும், அரசு பேச இறங்கி வரும் என்பது சங்கத்தின் கணக்கு. எதிரே, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரவழைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான போலீஸார் கேடயங்களோடும் குதிரைகளோடும் நாய்களோடும் அணிவகுத்து நின்றார்கள். அன்று காலை குதிரைகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன, கற்கள் பறந்தன, தடிகள் மண்டைகளில் இறங்கின. 95 பேர்மீது கலவரம், சட்டவிரோதக் கூட்டம் முதலிய குற்றச்சாட்டுகள் பதிவாயின. மாலையில் பிபிசி செய்தியில் நாடு இதைப் பார்த்தது. தொழிலாளர்கள் கல்லெறிகிறார்கள்; அதன் பிறகு போலீஸ் குதிரைகள் பாய்கின்றன. பார்த்தவர்கள் தாங்களே முடிவுக்கு வந்தார்கள். கல்லெறிந்தவர்களை விரட்டக் குதிரைகளை ஏவ வேண்டியதாயிற்று, வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் நடந்தது அந்த வரிசையில் இல்லை. அடுத்த ஆண்டு ஷெஃபீல்டில் 15 பேர்மீதான முதல் வழக்கு விசாரணைக்கு வந்தது. கலவரக் குற்றம் உறுதியானால் அன்றைய சட்டப்படி ஆயுள் தண்டனைவரை கிடைக்கலாம். போலீஸாரே எடுத்து வைத்திருந்த வீடியோ நீதிமன்றத்தில் ஓடியது. அதில் தொழிலாளர்களில் பலர் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ வந்து விழுந்ததே தவிர, கல்மழை என்று சொல்ல எதுவும் இல்லை. போலீஸ் அணி நடுவில் பிளந்து வழிவிட்டது. குதிரைகள் வெளியே வந்து கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தன. பெருமளவு கல்வீச்சு அதன் பிறகுதான். மைக்கேல் மேன்ஸ்ஃபீல்டு உள்ளிட்ட எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் போலீஸ் சாட்சிகளை ஒவ்வொருவராகக் குறுக்கு விசாரணை செய்தார்கள். பல காவலர்களின் வாக்குமூலங்களில் ஒரே வாசகங்கள் திரும்பத் திரும்ப வந்ததும், அவற்றின் சில பகுதிகளை வேறு அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதியதும் அம்பலமாயின. 48 நாள் விசாரணைக்குப் பின் 1985 ஜூலை 17 அன்று அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. மற்றவர்கள்மீதான வழக்குகளும் நிற்கவில்லை. போலீஸாரின், தொழிலாளர்களின் செயல்கள் முன்பின்னாக மாறிப்போனதை பிபிசி 1991-ல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டது. செய்தியை அவசரமாகத் தொகுக்கும்போது தெரியாமல் நேர்ந்த பிழை என்பது அது தந்த விளக்கம்.

அந்த மாலைச் செய்தியில் பொய்யான காட்சி ஒன்றுகூட இல்லை. கல்லெறிந்தவர்கள் நிஜம், குதிரைகள் நிஜம், இடமும் நாளும் நிஜம். இரண்டு உண்மைத் துண்டுகள் இடம் மாறின, அவ்வளவே. ஆனால் அந்த மாற்றத்தில் தாக்கியவர் தற்காத்துக்கொண்டவர் ஆனார், தற்காத்துக்கொண்டவர் தாக்கியவர் ஆனார். அரசியல் சார்பு என்றதும் நாம் பொய்த் தகவலையோ செய்தி வாசிப்பவரின் குரலில் தெறிக்கும் வெறுப்பையோதான் தேடுகிறோம். போராட்டங்கள் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட வரலாற்றைப் புரட்டினால், சார்பு அந்த இடங்களில் அபூர்வமாகத்தான் அகப்படுகிறது. எது முன்னே, எது பின்னே. கேமரா எந்தப் பக்கம் நின்றது. யாரிடம் மைக்கை நீட்டினார்கள். எந்தக் கேள்வி கேட்கப்படாமலே போயிற்று: இவற்றில்தான் அது குடியிருக்கிறது. கண்ணியமான, நேர்மையான, தன்னை நடுநிலையாளராக மனதார நம்பும் பத்திரிகையாளரின் கையிலும் அது நடக்கும். அதனால்தான் அதை எதிர்ப்பதும் கடினம்.

இதன் வேர் தொலைக்காட்சிக்கும் முந்தியது. பிரிட்டனில் 1926 மே மாதம் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கும் காரணம் நிலக்கரிச் சுரங்கங்கள்தான். அச்சுத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தியதால் நாளிதழ்கள் ஏறக்குறைய நின்றுபோயின. நாட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு அன்று தனியார் நிறுவனமாக இருந்த பிபிசி வானொலியின் தலையில் விழுந்தது. நிதியமைச்சர் சர்ச்சில் வானொலியை அரசே கைப்பற்ற வேண்டும் என்றார். பிபிசியின் தலைவர் ஜான் ரீத் அதைத் தடுத்து நிறுத்தினார். இந்தக் கதை பிபிசியின் சுதந்திரத்துக்குச் சான்றாக இன்றுவரை சொல்லப்படுகிறது. பாதி உண்மைதான். தொழிற்சங்கத்தின் அறிக்கைகளையும் வானொலி வாசித்தது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. இரு தரப்பும் சமரசத்துக்கு வர வேண்டும் என்று கேட்ட கேன்டர்பரி பேராயரின் வேண்டுகோள்கூட உடனே ஒலிபரப்பாகாமல் நாள் தள்ளிப்போயிற்று. பிரதமர் பால்டுவினோ ரீத்தின் வீட்டிலிருந்தே நாட்டுக்கு உரையாற்றினார். அந்த உரைக்கு ரீத்தே ஒரு வாசகமும் எடுத்துக் கொடுத்தார். பிபிசி மக்களுக்கானது, அரசும் மக்களுக்கானது, ஆகவே இந்த நெருக்கடியில் பிபிசி அரசின் பக்கம் இருந்தாக வேண்டும் என்பதே ரீத் எழுதிவைத்த தர்க்கத்தின் சாரம். நாணயமான மனிதரின் தர்க்கம் அது. வேலைநிறுத்தம் செய்பவர்களும் மக்கள்தானே என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. (அதே ரீத் தேர்ந்தெடுத்து அனுப்பிய லயனல் ஃபீல்டன்தான் 1935-ல் இந்தியா வந்து வானொலித் துறையின் பொறுப்பேற்றார், 1936-ல் அகில இந்திய வானொலி என்ற பெயரும் அவர் காலத்தில் வந்தது. ரீத்தின் நடுநிலை நம் ஊருக்கு வந்துசேர்ந்த வழி அது.)

தொலைக்காட்சி வந்தபோது இந்த மனப்பாங்குக்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. 1954-ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் தனியார் அலைவரிசைச் செய்திகளும் நடுநிலை காக்க வேண்டும் என்று விதித்தது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் வெளிப்படையாகக் கட்சி சார்ந்தவை, வாசகருக்கும் அது தெரியும். 1984 மே மாதம் ‘தி சன்’ நாளிதழ், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கையை உயர்த்திய ஒரு கணத்தைப் படமாக்கி, ஹிட்லரை நினைவூட்டும் தலைப்போடு முதல் பக்கத்தில் போட முயன்றது. அச்சுத் தொழிலாளர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். பத்திரிகையில் சார்பு இப்படிக் கண்ணுக்குத் தெரியும், எதிர்க்கவும் முடியும். தொலைக்காட்சி விஷயம் வேறு. சட்டமே நடுநிலை என்று முத்திரை குத்திய ஒன்றைப் பார்ப்பவர் சந்தேகிக்க மாட்டார். கண்ணால் கண்டதை இன்னும் கூடுதலாக நம்புவார்.

அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹாலோரன், பிலிப் எலியட், கிரஹாம் மர்டாக் ஆகிய மூவர். 1968 அக்டோபர் 27 அன்று வியட்நாம் போரை எதிர்த்து லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் கிராவ்னர் சதுக்கத்தில், அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால், போலீஸோடு மோதல் நடந்திருந்தது. அதனால் அக்டோபர் ஊர்வலத்துக்குப் பல வாரங்கள் முன்பே பத்திரிகைகள் வன்முறைத் திட்டம், சதி என்று எழுதத் தொடங்கிவிட்டன. ஆய்வாளர்கள் ஊர்வலத்துக்கு முன்பே தொலைக்காட்சிச் செய்தியறைகளுக்குள் போய் உட்கார்ந்து, திட்டமிடலைக் கவனித்தார்கள். நடந்தது என்ன? பல்லாயிரம் பேர் அமைதியாக நடந்து ஹைட் பார்க் போய்ச் சேர்ந்தார்கள். பிரிந்து சென்ற ஒரு சிறு பகுதியினர் கிராவ்னர் சதுக்கத்தில் போலீஸோடு முட்டிக்கொண்டார்கள். செய்தியின் மையமாக வந்தது அந்தச் சதுக்கம்தான். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கங்களில், ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் காவலரின் முகத்தில் உதைக்கும் ஒரே படம். வன்முறை வரும் என்று சொன்னார்கள், வராதபோது வந்த கொஞ்சத்தைப் பெரிதாக்கினார்கள், பெரிதாக வராததை ‘எதிர்பார்த்த அளவு வன்முறை இல்லை’ என்று செய்தியாக்கினார்கள். மூன்று நிலையிலும் பேச்சு வன்முறையைப் பற்றியதே. அத்தனை பேர் ஏன் தெருவுக்கு வந்தார்கள், வியட்நாமில் என்ன நடக்கிறது என்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று. 1970-ல் நூலாக வந்த அந்த ஆய்வின் வலிமையான முடிவு இது: நிகழ்ச்சியின் பொருள், நிகழ்ச்சிக்கு முன்பே முடிவாகிவிட்டது. கேமராக்கள் எங்கே போகும் என்பதையும் அந்த முடிவே தீர்மானித்தது.

அடுத்துக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழு. 1975-ன் முதல் பாதியில் ஒளிபரப்பான தொலைக்காட்சிச் செய்திகளை வீடியோவில் பதிவுசெய்து, வரி வரியாகப் பிரித்து, 1976-ல் ‘பேட் நியூஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். அதில் இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, கிளாஸ்கோ நகரக் குப்பை லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம். கனரக வாகன உரிமம் வைத்திருந்த அவர்கள், அதே உரிமத்தோடு வேறு இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் கேட்டார்கள். தேசியச் செய்திகள் மலைபோல் குவிந்த குப்பையையும், நோய்ப் பரவல் அச்சத்தையும், குப்பை அள்ள வந்த ராணுவத்தையும் வாரக்கணக்கில் காட்டின. வேலைநிறுத்தம் செய்த ஓட்டுநர் ஒருவரின் பேட்டிகூடத் தேசியச் செய்தியில் வரவில்லை. இரண்டாவது, காவ்லி கார் ஆலை. அந்த ஆண்டு ஜனவரி 3 அன்று பிரதமர் ஹெரால்டு வில்சன், தவிர்த்திருக்கக்கூடிய உற்பத்தி நிறுத்தங்களுக்கு நிர்வாகம், தொழிலாளர் இரு தரப்பையும் பொறுப்பாக்கிப் பேசினார். தொலைக்காட்சியில் அடுத்தடுத்த நாள்களில் அந்தப் பேச்சு சுருங்கச் சுருங்க, நிர்வாகம் உதிர்ந்துபோய்த் தொழிலாளர்மீதான கண்டனம் மட்டும் மிஞ்சியது. போதிய முதலீடு செய்யாமல் லாபத்தைப் பங்காதாயமாகப் பிரித்துக்கொடுத்ததுதான் அந்த ஆலையை நடத்திய நிறுவனத்தின் பெரிய நோய் என்று ஏப்ரலில் அரசே வெளியிட்ட ரைடர் அறிக்கை சொன்னது. பேட்டி எடுக்கும் முறையிலும் ஒரு பாகுபாடு இருந்தது. மேலாளர் தன் அறையில், மேசைக்குப் பின்னால், அமைதியாகப் பேசினார். தொழிலாளி ஆலை வாசலில், இரைச்சலுக்கும் கூச்சலுக்கும் நடுவே கத்திப் பேச வேண்டியிருந்தது. பேசிய நேரத்தை நிமிடக் கணக்கில் சமமாகப் பிரித்துக்கொடுத்தாலும் இந்த வேறுபாடு தீராது.

இத்தனையும் ஆர்கிரீவுக்கு முன்னால் அச்சில் வந்துவிட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியறைகள் இவற்றை அறியாதவையல்ல. இருந்தும் 1984-85 வேலைநிறுத்தத்தில் அதே பாங்கு பெரிதாகத் திரும்பி வந்தது. கேமராக்கள் பெரும்பாலும் போலீஸ் அணிக்குப் பின்னால் நின்றன. அதற்கு நியாயமான காரணம் உண்டு: கூட்டத்துக்குள் பாதுகாப்பில்லை, தொழிலாளர்கள் தொலைக்காட்சிக்காரர்களைக் கண்டாலே கொதித்தார்கள். ஆனால் விளைவு என்ன? பார்ப்பவரின் கண் போலீஸ்காரரின் கண்ணாயிற்று. கல் தன்னை நோக்கி வந்தது. தடி தன் கையிலிருந்து விலகிப் போனது. ஆர்கிரீவ் அன்று, தனியார் அலைவரிசைச் செய்தி நிறுவனமான ஐடிஎன் ஒளிபரப்பில், ஒரு காவலர் ஒரு தொழிலாளியைத் தடியால் திரும்பத் திரும்ப அடிக்கும் காட்சி வந்தது. பிபிசியின் மாலைச் செய்தியில் அது இல்லை. ஒரே நாளை இரு நிறுவனங்கள் எப்படி வேறுவேறாகத் தொகுத்தன என்பதை ஊடக ஆய்வாளர் லென் மாஸ்டர்மன் அந்த ஆண்டே ஒப்பிட்டு எழுதினார். எனவே வேறு மாதிரித் தொகுக்க வழியே இல்லை என்ற சாக்கு செல்லாது.

ஆர்கிரீவைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அதைப் பலர் பேசுவதில்லை. அந்த வேலைநிறுத்தம் எதற்காக? 1984 மார்ச் 6 அன்று தேசிய நிலக்கரி வாரியம் சுமார் 20 சுரங்கங்களை மூடி 20,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மறைவாக ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது, 70-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்படும் என்றார் ஸ்கார்கில். அப்படி எதுவும் இல்லை என்றார் வாரியத் தலைவர் இயன் மெக்கிரெகர். தொழிலாளர்களின் வீடுகளுக்கே கடிதம் எழுதி மறுத்தார். செய்திகள் இரண்டையும் அருகருகே வைத்தன: இவர் குற்றம் சாட்டுகிறார், அவர் மறுக்கிறார். நடுநிலைக் கடமை அத்தோடு முடிந்தது. பிறகு கேமரா மறியலுக்குத் திரும்பியது. வாரியம் அவ்வப்போது வெளியிட்ட ‘வேலைக்குத் திரும்பியோர்’ எண்ணிக்கை போர்க்களத்து நிலவரம்போல வாசிக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அந்தக் காலத்து அமைச்சரவை ஆவணங்கள் வெளியாயின. 1983 செப்டம்பரில் பிரதமர் தாட்சர் இல்லத்தில் நடந்த ரகசியக் கூட்டத்தில், மூன்றாண்டில் 75 சுரங்கங்களை மூடவும் 64,000 வேலைகளைக் குறைக்கவும் மெக்கிரெகர் திட்டம் வைத்திருந்தது அதில் பதிவாகியிருந்தது. அந்த ஆவணத்தை 1984-ல் எந்த நிருபரும் பார்த்திருக்க முடியாது, உண்மை. ஆனால் கணக்கைப் பார்த்திருக்கலாம். எந்தச் சுரங்கம் நட்டத்தில் ஓடுகிறது, மூடினால் வேலையிழந்தோர் உதவித்தொகையும் வரி இழப்பும் சேர்ந்து நாட்டுக்கு எவ்வளவு செலவு என்று ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ கிளின் அந்த ஆண்டே ஆய்வு எழுதினார். விவாதிக்கப் பொருள் இருந்தது. குதிரையும் கல்லும் ஓடிய திரையில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. யார் சொன்னது உண்மை என்று அறியவேண்டிய வேளையில் அறியாமல் போன ஒரு நாடு, முப்பது ஆண்டு கழித்து ஆவணக் காப்பகத்தில் விடை கண்டது.

இந்தச் சார்புக் குற்றச்சாட்டுக்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, பிபிசி சொன்ன அதே விளக்கம்: அவசரத்தில் நேர்ந்த பிழை. நான் அதை நம்புகிறேன். திட்டமிட்டுப் புரட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த விளக்கம் விடுவிப்பதைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது. அவசரத்தில் மனிதர் யோசிப்பதில்லை. ஏற்கெனவே மனத்தில் படிந்திருப்பதே கையை நடத்துகிறது. தொகுப்பாளரின் முன் இரண்டு துண்டுகள் கிடக்கின்றன. எது முந்தியது என்று பார்க்க நேரமில்லை. கூட்டம் கலகம் செய்யும், போலீஸ் அடக்கும் என்பதே அவர் அறிந்த இயல்பான வரிசை. அந்த வரிசையில் ஒட்டுகிறார். மேலே இருப்பவர்களும் அதைப் பார்த்து எதுவும் விபரீதமாகத் தெரியாமல் அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான தற்செயல் பிழைகள் இரு பக்கமும் விழ வேண்டும். குதிரைகள் பாய்ந்ததற்குப் பதிலடியாகப் பறந்த கல்லை இன்னும் தாமதமாகக் காட்டித் தொழிலாளருக்குச் சாதகமாகப் பிழை நேர்ந்த பெரிய நிகழ்வு எதையும் அந்த வேலைநிறுத்தத்தின் வரலாற்றில் யாரும் சுட்டவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. தொழிலாளர்கள் வன்முறையில் இறங்கவில்லையா? இறங்கினார்கள். 1984 நவம்பர் 30 அன்று தெற்கு வேல்ஸில், வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளியை ஏற்றிச் சென்ற டாக்சிமீது பாலத்திலிருந்து கான்கிரீட் கட்டி தள்ளப்பட்டு ஓட்டுநர் இறந்தார். வேலைக்குத் திரும்பியவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, குடும்பங்கள் மிரட்டப்பட்டன. தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தாமலே போராட்டத்தை நடத்திய ஸ்கார்கிலைக் கேள்வி கேட்பதும் செய்தியாளரின் கடமைதான். இவற்றைக் காட்டியது சார்பு என்று யாரும் சொல்ல முடியாது. மறைத்திருந்தால் அதுதான் சார்பு. ஆனால் கேள்வி, காட்டியதா இல்லையா என்பது பற்றியதே அல்ல. ஏறக்குறைய ஓராண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க வாசல்கள், நாள்தோறும் மறியல். அவற்றில் பெரும்பாலானவற்றில் தீ மூட்டிய ஒரு டின்னைச் சுற்றி நின்று குளிர்காய்ந்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காதது செய்தியாகாது என்பதும் புரிகிறது. அப்படியானால் செய்தியானது முழுமையின் எந்தப் பங்கு என்று பார்ப்பவருக்குச் சொல்லும் பொறுப்பு செய்திக்கு இருக்கிறது. அது சொல்லப்படவில்லை.

சொல்லப்படாததன் விளைவை ஆய்வாளர் கிரெக் ஃபைலோ அளந்தார். வேலைநிறுத்தம் முடிந்து ஓராண்டுக்குப் பின், பல தரப்பட்ட மக்களிடம் செய்திப் படங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து ஒரு செய்தி எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியவை ஓராண்டுக்கு முந்தைய ஒளிபரப்பை அச்சாக ஒத்திருந்தன. பிறகு, மறியல்கள் பெரும்பாலும் வன்முறையாக இருந்தனவா என்று கேட்டார். பொதுமக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். மறியல் நடந்த இடங்களுக்கு நேரில் போயிருந்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. அந்த நேரில் போனவர்களில் போலீஸாரும் அடக்கம். 1990-ல் வெளியான இந்த ஆய்வின் இந்த ஒரு முடிவை நான் மற்றெல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். எதிரெதிரே நின்ற தொழிலாளியும் காவலரும் ஒரே சாட்சி சொல்கிறார்கள். திரையில் பார்த்தவர் மட்டும் வேறு சொல்கிறார்.

கிளாஸ்கோ குழுவினர் இடதுசாரிகள், தாம் தேடியதையே கண்டுபிடித்தார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. ஆய்வாளர் மார்ட்டின் ஹாரிசன் 1985-ல் இதை முழு நூலாகவே எழுதினார். 1975-ன் ஐடிஎன் செய்தி எழுத்துப்படிகளைத் திரும்பப் படித்து, அந்தக் குழு சிலவற்றை விட்டுவிட்டது, சிலவற்றை மிகையாக வாசித்தது என்று காட்டினார். அவர் சுட்டிய குறைகளில் சில நியாயமானவை. எண்ணிக்கைகளை மட்டும் நம்பி வழக்கு நடத்தக் கூடாது என்பதும் சரி. ஆனால் அவர் கையில் இருந்தவை எழுத்துப்படிகள். வாசித்த வரிகள் சமநிலையில் இருக்கும்போதே காட்சியின் வரிசையும் கேமரா நின்ற இடமும் வேறு கதை சொல்லலாம். ஆர்கிரீவில் நடந்தது அதுதான். அதை நிரூபித்தது கிளாஸ்கோ குழுவும் அல்ல. போலீஸின் சொந்த வீடியோ.

இன்னொன்றும் சொல்வார்கள்: தொலைக்காட்சியால்தானே அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் வென்றது? 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்து வந்தவர்களைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். நியூரம்பெர்க் விசாரணை பற்றிய திரைப்படத்தை இடைநிறுத்தி ஏபிசி தொலைக்காட்சி அந்தக் காட்சியைக் காட்டியது. சில மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. உண்மை, கேமரா போராடுபவர்களின் எதிரியாகப் பிறக்கவில்லை. ஆனால் செல்மாவில் நடைபயணிகள் வந்ததும் நின்றதும் அடிபட்டதும் நடந்த வரிசையிலேயே திரைக்கு வந்தன. இன்னொரு காரணம் கசப்பானது. அடித்தவர்கள் ஒரு தென்மாநிலத்தின் போலீஸார்; நியூயார்க் செய்தியறையும் வாஷிங்டன் அரசும் அவர்களைத் தம்மவராக நினைக்கவில்லை. தேசிய அரசே எதிர்த்தரப்பாக நிற்கும்போதுதான் செய்தியறையின் நடுநிலை சோதிக்கப்படுகிறது. லண்டன் செய்தியறைக்கு ஆர்கிரீவ் அப்படிப்பட்ட நாள்.

தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 1991-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 39 சுரங்கத் தொழிலாளர்களுக்கு மொத்தம் 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. காவலர் எவர்மீதும் வழக்கு இல்லை. அதே போலீஸ் துறை 1989-ல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நேர்ந்த உயிரிழப்புகளுக்கு ரசிகர்கள்மீது பழிபோட்டது. ஆர்கிரீவில் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அந்தத் துணிவு வந்திருக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 2016-ல் விசாரணை ஆணையம் அமைக்க அன்றைய உள்துறை அமைச்சர் மறுத்தார். 2025 ஜூலையில்தான், ஷெஃபீல்டு ஆயர் பீட் வில்காக்ஸ் தலைமையில் சட்டபூர்வ விசாரணை அறிவிக்கப்பட்டது. சம்பவத்துக்கும் விசாரணை அறிவிப்புக்கும் நடுவே 41 ஆண்டுகள். அன்று மாலை தவறான வரிசையில் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் அதே வரிசையை நம்பியபடியே வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

தங்களைப் பற்றிய செய்தி வேறொருவர் கையில் இருக்கும்வரை இதுதான் கதி என்று சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் 1984-லேயே முடிவுகட்டினார்கள். நாடெங்கும் இருந்த சிறு திரைப்படக் குழுக்களோடு சேர்ந்து அவர்கள் வீடியோ நாடாக்களைத் தயாரித்துச் சங்க அலுவலகங்களிலும் கூட்டங்களிலும் போட்டுக் காட்டினார்கள். பத்திரிகைகள் பற்றி ஒன்று, போலீஸ் பற்றி ஒன்று, சுரங்க ஊர்ப் பெண்கள் பற்றி ஒன்று. அதே சமயத்தில் இயக்குநர் கென் லோச் எடுத்த படத்தை, அதற்குப் பணம் கொடுத்த தொலைக்காட்சி நிறுவனமே ஒளிபரப்ப மறுத்தது. 1985 ஜனவரியில் சேனல் 4 அதைக் காட்டியது. அந்த நாடாக்களும் அந்தப் படமும் எப்படி உருவாயின, யாரைச் சென்றடைந்தன, அவற்றிலும் சார்பு இருந்ததா என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)